திருப்பாப்புலியூர் நெட்வொர்க் சர்வீஸ் கடை: மீட்டரைக் காட்டிப் பேசுகிறவர்கள்

கடலூரில் ஆபீஸ் நெட்வொர்க் பார்க்க ஆள் வேண்டும் என்று யார் கேட்டாலும் இனி நான் கைகாட்டப் போவது இந்தக் கடையைத்தான். திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம், குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் ஒரே ஒரு அறை, சுவர் முழுக்கக் கேபிள் சுருள், மேஜை மேல் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பழைய ஸ்விட்ச் பெட்டிகள் அடுக்கு அடுக்காக. ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் நடத்துகிறார்கள். லேப்டாப் விற்பது, பிரிண்டருக்கு இங்க் ஊற்றுவது எல்லாம் கிடையாது. லேன் (ஆபீசுக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க்), ஃபைபர் (வெளிச்சத்தில் நெட் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள்), வைஃபை, இதில் பழுது பார்ப்பது மட்டும்தான் தொழில்.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை ஆபீஸ். ஐந்து கம்ப்யூட்டர், டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிற ஒரு சர்வர், ஒரு ஃபைபர் கனெக்‌ஷன், அவ்வளவுதான். மாதாமாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட ஆபீஸே அல்லாடும், சரியாக அந்த நாட்களில்தான் நெட்டும் படுக்கும். மாதத் தொடக்கத்தில் பெரிதாக எதுவும் ஆகாது. அந்தத் தேதிகளில் போர்ட்டலே திணறுகிறது, அதனால்தான் இப்படி என்று நாங்களாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். நெட் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பார்கள், பண்ணினால் வந்துவிடும், வந்துவிட்டதே என்று புகாரை மூடிவிடுவார்கள், மறுநாள் திரும்பவும் அதே கதை. பணம் ஒழுங்காகக் கட்டுகிற வாடிக்கையாளரிடம், எதனால் கட் ஆகிறது என்று ஒருத்தர்கூடக் கேட்காதது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மருமகன் தம்பி வந்ததும் முதலில் கேட்டதே வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, நெட் வரலன்னு சொல்றீங்க சரி. கட் ஆகும்போது பெட்டியில எந்த லைட் சிவப்பா இருக்கு? பக்கத்து டேபிள்ல டேலி ஓடுதா, அதுவும் நிக்குதா?"

இந்த இரண்டு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. டேலி சர்வர் ஆபீசுக்குள்ளேயே இருப்பது. நெட் கட் ஆனாலும் டேலி ஓடினால் உள்ளே இருக்கிற லேன் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே போகிற வழியில். டேலியும் சேர்ந்து நின்றால் ஸ்விட்சிலோ கேபிளிலோ உள்ளேயே ஏதோ இருக்கிறது. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள், அப்போது கம்ப்யூட்டரில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் ஆபீசில் இரண்டு கோளாறும் தனித்தனியாக இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

ஒரு கம்ப்யூட்டரில் கருப்புத் திரையைத் திறந்து ரூட்டர் முகவரியான 192.168.1.1-க்குப் பிங் போட்டார் (ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் திரும்புகிறதா என்று பார்க்கிற நிரல் அது), நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று கடைசியில் மைனஸ் டி. பக்கத்துக் கம்ப்யூட்டரில் 8.8.8.8-க்கு இன்னொரு பிங். அது கூகுளின் டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்கிற) சர்வர், ஆபீசுக்கு வெளியே இருப்பது. இரண்டிலும் பதில் வரி வரியாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன தம்பி சும்மா இருக்கிறீர்கள் என்றதற்கு, "நீங்க எப்பவும் போல வேலை பாருங்கக்கா, அதுவா காட்டிக்கொடுக்கும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் பையன் ஒரு பார்ட்டியின் ஃபைலை எடுக்கப் பீரோவைத் திறந்தான். 8.8.8.8 ஓடுகிற திரையில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' (பதில் வரவில்லை) என்று ஒரு வரி, அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று. ரூட்டருக்குப் போட்ட பிங் எதுவும் நடக்காத மாதிரி ஓடியது. தம்பி எழுந்து போய்ப் பீரோவுக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ஜன்னல் ஓரம் வந்து நிற்கிற ஃபைபரிலிருந்து பெட்டிக்குப் போகிற மஞ்சள் நிற மெல்லிய கேபிள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் பீரோ இரண்டு விரல்கடை பின்னால் சாயும், கேபிள் மடங்கும், வெளிச்சம் செத்துவிடும். கதவை மூடினாலும் பெட்டி திரும்பப் பதிவாகி எழ ஒரு நிமிடம் போல ஆகும். 20ஆம் தேதி நெருங்க நெருங்க ஃபைல் தேடிப் பீரோவைத் திறப்பதும் கூடும், கட் ஆவதும் கூடும். போர்ட்டல் மேல் நாங்கள் போட்ட பழிக்கு விடை இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அன்று சாயங்காலம் பில் கொடுக்கக் கடைக்குப் போனபோது பெரியவர் சொன்னது அது, வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் உண்மைதான். பிங் என்கிற நிரலை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஏதோ கோளாறாக நடந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க ஒரே இரவில் எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்புகிற 'பிங்' ஓசையைத்தான் பெயராக வைத்தேன் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். ஒலியை அனுப்பு, எதிரொலி திரும்புகிற நேரத்தைப் பார், அதுதான் தத்துவம். பிங் என்பது ஏதோ ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அந்த விரிவாக்கம் பின்னால் வேறொருவர் சேர்த்தது.

மூஸ் தான் கேட்டதிலேயே சிறந்த பிங் கதை என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். ஒரு நெட்வொர்க் நிர்வாகிக்கு, விட்டு விட்டுக் கட் ஆகிற கேபிள் கோளாறு. அவர் பிங் நிரலைப் பேச்சு எழுப்புகிற நிரலோடு இணைத்து, ஆபீஸ் ஸ்டீரியோவில் சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டர் நொடிக்கொரு தரம் 'பிங், பிங்' என்று கத்திக்கொண்டிருக்க, இவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டும்போது சத்தம் நின்றதோ அங்கே பழுது. எங்கள் ஆபீசில் ஸ்டீரியோவுக்குப் பதில் திரை, கனெக்டருக்குப் பதில் பீரோ. இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்த சிரிப்புக்காகவே இன்னொரு தரம் அந்த மாடிப்படி ஏறலாம்.

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் போட் வைத்திருக்கிறவர்கள் அவரிடம் வைஃபை வேலைக்கு வந்தால் பிங் என்றால் என்ன என்று அவர் விளக்கவே வேண்டாமாம். எக்கோ சவுண்டர் வைத்து ஆழமும் மீன் கூட்டமும் பார்க்கிறவர்கள் அவர்கள், போன சத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது என்றதும் பிடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர் டெக்னீஷியன் யாரும் 'பிங் அனுப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பிங் அடி' அல்லது 'பிங் போடு'. மணி அடி, விசில் அடி, ஹாரன் அடி என்று ஓசை எழுப்புகிற எல்லாவற்றுக்கும் நாம் 'அடி' போடுகிறோம் இல்லையா, சோனார் கதையே தெரியாத பையன்கள்கூடப் பிங்குக்கு அதே வினையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பீரோவை நகர்த்தினால் தீர்ந்தது என்று விட்டுவிட்டுப் போகவில்லை தம்பி. பையிலிருந்து வெளிச்சத்தின் வலுவை அளக்கிற பவர் மீட்டரை எடுத்து, பெட்டிக்குள் செருகுகிற முனையில் அளந்தார், மைனஸ் 26 டிபிஎம் சொச்சம் (மைனஸ் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு). பீரோ விலகியிருக்கும்போதே இது. சாதாரணமாக வீடுகளுக்குக் கொடுக்கிற ஜிபான் (ஃபைபர் நெட்) பெட்டி மைனஸ் 27 வரைதான் தாக்குப்பிடிக்கும், அதற்குக் கீழே போனால் தடுமாறும். ஆக நாங்கள் இத்தனை நாளும் விளிம்பில்தான் நின்றிருக்கிறோம். அடுத்து ஜன்னல் ஓரத்தில் ஜாயின்ட்டைக் கழற்றி அங்கே அளந்தார், மைனஸ் 19. "கம்பத்துல இருந்து ஜன்னல் வரைக்கும் லைன் நல்லா இருக்குக்கா. ஏழு டிபி உங்க ரூமுக்குள்ளயே தொலையுது." மூன்று டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், ஏழு என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று கணக்கும் சொன்னார். இத்தனையும் மீட்டரை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு.

அப்புறம் பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசரை மஞ்சள் கேபிளின் ஒரு முனையில் செருகிவிட்டு டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார். கேபிள் முழுக்க இருட்டாக இருக்க, பீரோவின் பின்மூலையில் நசுங்கிய இடத்தில் மட்டும் உறைக்கு உள்ளேயிருந்து சிவப்பாகக் கசிந்தது. உள்ளே போக வேண்டிய வெளிச்சம் அந்த மடிப்பில் வெளியே வழிகிறது. நேராகப் பார்க்காதீர்கள் என்று ஆபீஸ் பையனை முதலிலேயே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்தார், அந்தக் கவனமும் எனக்குப் பிடித்தது. புதுப் பேட்ச் கார்டு (அந்த மஞ்சள் இணைப்புக் கேபிளின் பெயர் இது) போட்டு, பீரோவைச் சுற்றாமல் கதவு நிலை மேலாகக் கொண்டுபோய், மறுபடி அளந்து காட்டினார். மைனஸ் 19.4.

'டிபி எவ்வளவு?' என்று இந்தப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசிக்காரர்கள் முதலில் சத்தம் எவ்வளவு குறைகிறது என்பதை 'ஒரு மைல் கம்பி' கணக்கில்தான் அளந்தார்கள். ஒரு மைல் நீளத் தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு குறையுமோ அது ஒரு அளவு. 1924இல் பெல் கம்பெனியின் பொறியாளர்கள் அதை விட்டு வேறொரு அலகுக்கு மாறினார்கள், அதற்கு 1928இல் கிரகாம் பெல்லின் பெயரால் டெசிபெல் என்று பெயரிட்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நாம் சொல்கிற டெசிபெல் இதுவேதான். கம்பியில் தொலைவதை அளக்கப் பிறந்தது, இன்றைக்கு எங்கள் பீரோ பின்னால் தொலைந்ததையும் அளந்தது.

இரண்டாவது கோளாறு, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் டேலி ஆமை வேகம். நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் லிங்க் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 1000 மெகாபிட்டுக்குப் பதில் 100. உடனே கேபிளைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினார். எட்டு விளக்கு வரிசையாக எரிய வேண்டும், நான்காவது எரியவில்லை. நான்காவது என்றால் நீலக் கம்பி. 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும், 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும், அதனால் நீலம் போனாலும் கனெக்‌ஷன் போகாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கி நின்றிருக்கிறது. பழைய பிளக்கை வெட்டி என் கையில் கொடுத்தார், தகடுகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. ஜன்னல் ஓரம், உப்புக் காற்று. சில்வர் பீச் பக்கம் வீடுள்ளவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேபிளிலும் ஒரு சோதனை காட்டினார், இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிளேடால் ஒரு கம்பியின் மேலே லேசாகச் சுரண்டினால் நல்ல கேபிளில் உள்ளேயும் செம்பு நிறம். எங்களுடையதில் வெள்ளை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசிய மலிவு ரகம். மடித்தால் சீக்கிரம் ஒடியும், ஈரமும் உப்பும் பட்டால் அரிக்கும். முன்பு வேலை செய்துவிட்டுப் போனவர் செம்புக் கேபிள் என்று பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தார். இந்தக் கடையில் புதுக் கேபிள் இழுக்கும் முன் ஒரு துண்டை வெட்டி நம்மிடமே கொடுத்துச் சுரண்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். கடலூர், புதுச்சேரி இரண்டிலும் வேறு யாரும் எனக்கு இதைச் செய்து காட்டியதில்லை.

பெரியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லேன் என்றாலே கருப்பு கோ-ஆக்சியல் கேபிள் (டிவி கேபிள் மாதிரி) என்றிருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பின்னால் ஒரு டி கனெக்டர், ஒரே கேபிள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும், இரண்டு கடைசி முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்கிற முடிவுக் குமிழ். துடைப்பம் பட்டு அந்தக் குமிழ் கழன்றால் ஆபீஸ் மொத்தமும் படுத்துவிடும், ஏனென்றால் முனையில் உறிஞ்சிக்கொள்ள ஆள் இல்லாமல் சிக்னல் திரும்பி வந்து தன்னையே மோதும். மேஜை டிராயரில் இன்னும் இரண்டு டெர்மினேட்டர் வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்துக் காட்டுவார். ஈதர்நெட் என்ற பெயரும் அந்தக் கேபிளோடு சேர்ந்ததுதான். 1973இல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் எழுதிய குறிப்பில் வந்த பெயர். வெளிச்சம் பரவ எங்கும் நிறைந்த 'ஈதர்' ஒன்று உண்டு என்று பழைய இயற்பியலார் நம்பினார்களே, அதைப் போல எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு கேபிள். இன்றைக்கு அந்தப் பொதுக் கேபிள் இல்லை, நடுவில் ஸ்விட்ச் வந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பேட்ச் கார்டும் அப்படியே. பழைய தொலைபேசி போர்டுகளிலும் வானொலி நிலையங்களிலும் ஒரு லைனை இன்னொன்றோடு தற்காலிகமாகச் சேர்க்கச் செருகிய குட்டைக் கம்பியின் பெயர் அது, இப்போது உள்ளே ஓடுவது மின்சாரமா வெளிச்சமா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அதுவே. கம்ப்யூட்டர் கோளாறை 'பக்' (பூச்சி) என்கிற கதை எல்லாருக்கும் தெரியும், 1947இல் ஹார்வர்டில் கம்ப்யூட்டரின் ரிலே சுவிட்சுக்குள் சிக்கிய விட்டில். ஆனால் அந்தச் சொல் அங்கே பிறக்கவில்லை, 1878இலேயே எடிசன் தன் கருவிகளின் கோளாறை அப்படித்தான் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்துச் சொற்களையும் தம்பி மதிக்கிறார், இது முக்கியம். வாடிக்கையாளர் 'டவர் இல்லை' என்றால் கைபேசி சிக்னல், 'சுத்திக்கிட்டே இருக்கு' என்றால் லிங்க் இருக்கிறது, ஆனால் தகவல் துண்டுகள் (பாக்கெட்) தொலைகின்றன அல்லது டிஎன்எஸ் திணறுகிறது, 'மோடம்' என்றால் வீட்டில் விளக்கு எரிகிற எந்தப் பெட்டியும். யாரையும் திருத்துவதில்லை, மேலே இரண்டு கேள்வி கேட்டு எது என்று பிரித்துக்கொள்கிறார். சில ஆபீஸ்களில் டெக்னீஷியன் வந்து 'லேயர் ஒன் இஷ்யூ, ஹை லாஸ்' (கேபிளில் கோளாறு, சிக்னல் நிறையத் தொலைகிறது) என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயிரக்கணக்கில் கேட்பார், நாமும் பயந்து கொடுப்போம். அதே சொற்களை இவர்களும் சொல்கிறார்கள், ஆனால் சொன்ன கையோடு மீட்டரையும் விளக்கையும் காட்டுகிறார்கள். அதன் பிறகு அந்தச் சொல் நம்முடையதாகிவிடுகிறது. எங்கள் ஆபீஸ் பையன் போன வாரம் நெட் கம்பெனிக்குப் போன் செய்து, "எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு, உள்ளே பேட்ச் கார்டு செக் பண்ணியாச்சு, வெளியே ஃபைபர் கட்" என்றான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லவில்லை, நேராக லைன்மேனை அனுப்பினார்கள். தெருமுனையில் மரம் வெட்டினவர்கள் ஃபைபரையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. போனை எடுக்க மாட்டார்கள், ஏணி மேல் நிற்கும்போது எடுக்க முடியாது என்பது நியாயம்தான், ஆனால் திரும்பக் கூப்பிடுவதும் சாயங்காலம்தான். இன்றைக்கு வருகிறேன் என்றால் இன்றைக்கு வருவார்கள் என்று நம்ப முடியாது, ரிட்டர்ன் நேரத்தில் அந்தத் தவிப்பு கொடுமை. பில் கையால் எழுதியது, ஜிஎஸ்டி எண் இல்லாதது, என்னைப் போன்ற தொழிலில் இருப்பவர்களுக்கு அது உறுத்தும். கூரை மேல் ஏறிச் செய்கிற நீண்ட தூர வயர்லெஸ் லிங்க் வேலை இவர்களுக்கு அவ்வளவு கைவராது, அதைப் பெரியவரே சொல்லிப் புதுச்சேரியில் ஆள் பார்க்கச் சொன்னார்.

கூலி நியாயம். வந்து பார்க்க 300 ரூபாய், கோளாறு கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதுவும் வேண்டாம் என்கிறார்கள். பேட்ச் கார்டு, புதுச் செம்புக் கேபிள், பிளக்குகள் எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பழைய பிளக்கையும் நசுங்கின கேபிளையும் கேட்காமலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போகிறவர்கள் கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள், சந்தில் பைக் திருப்ப இடமில்லை. போன் போடுவதைவிட வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவது மேல். கட் ஆகியிருக்கும் நேரத்தில் பெட்டியின் விளக்குகள் எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள், கூடவே உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்பதையும் எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் பவர் மீட்டரை எடுத்து வருவதா, பிளக் மாட்டுகிற கிரிம்பிங் டூலை எடுத்து வருவதா என்று தம்பி முடிவு செய்கிறார்.